கோட்டையில் சட்டம் மாறினால் நம் மனைக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட பிளான் போட்டு அனுமதி வாங்கித் தரும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். மேசைக்கு எதிரே உட்காருகிறவர்கள் பெரும்பாலும் "சட்டம் மாறிடுச்சாமே, உண்மையா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் முதலில் பார்ப்பது பத்திரத்திலும் பிளானிலும் உள்ள தேதிகளை. தமிழ்நாட்டின் நகரமைப்புச் சட்டம் ஒரு மனையை எப்படித் தொடுகிறது என்பது முக்கால்வாசி தேதியில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஊரின் நிலத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியது மாநகராட்சிதானே? மாநில அரசு இதில் எங்கிருந்து வந்தது?

நிலமும் உள்ளாட்சியும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தனி இடம் கொடுத்தது. பன்னிரண்டாவது அட்டவணையின் முதல் இரண்டு வரிகளே நகரமைப்பும், நில உபயோகத்தையும் கட்டடங்களையும் முறைப்படுத்துவதும்தான். ஆனால் அந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் உள்ளாட்சிக்கு "வழங்கலாம்" என்றுதான் சட்டம் சொல்கிறது. "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாமே நிற்கிறது.

தமிழ்நாட்டில் கயிற்றின் முனை அரசிடமே இருக்கிறது. 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1971-ஆம் ஆண்டின் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம்தான் இன்றும் அடித்தளம். சென்னைப் பெருநகருக்கு சி.எம்.டி.ஏ. எனப்படும் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மற்ற ஊர்களுக்கு டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம் என்று அதன் கீழ்தான் அனுமதி நடக்கிறது. சி.எம்.டி.ஏ.வுக்குத் தலைவர் ஓர் அமைச்சர். மாநகராட்சியும் நகராட்சியும் சிறிய வீடுகளுக்கு அனுமதி கொடுப்பது உண்மை. 10,000 சதுர அடி, 8 வீடுகள் வரையிலான குடியிருப்புக்கு அவர்களே திட்ட அனுமதி தருகிறார்கள். அதுவும் மேலே இருந்து ஒப்படைக்கப்பட்ட அதிகாரம்தான். உங்கள் கவுன்சிலர் நல்லவராக இருந்தாலும் தெருவின் நில உபயோகத்தை அவரால் மாற்ற முடியாது. இது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். தெருவில் தண்ணீர் தேங்குவது யாருக்குத் தெரியுமோ, அவர்களிடம் பேனா இல்லை.

"சட்டம் மாறிவிட்டது" என்கிறார்களே, சரியாக எது மாறுகிறது?

நான்கு வேறு விஷயங்களை ஒரே பெயரில் சொல்கிறோம். சட்டமன்றம் திருத்துவது சட்டம். அதன் கீழ் அரசு போடுவது விதிகள். 2019 பிப்ரவரி 4 அன்று வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அந்த வகை. ஊருக்கான முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், வேறு. ஒரே ஒரு சர்வே எண்ணுக்காகப் போடும் அரசாணையும், அதாவது ஜி.ஓ.வும், வேறு.

உங்களைச் சட்டென்று தொடுவது பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும். சட்டமன்றத்தில் விவாதம் நடந்தால் செய்தி வரும், நாமும் பார்ப்போம். விதித் திருத்தம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அரசிதழில் வந்துவிட்டுப் போய்விடும். ஆகவே யாராவது "ஜி.ஓ. வந்திருக்கு" என்றால் அதன் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். எண் சொல்லத் தெரியாதவர் சொல்வதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிளான் கொடுத்துவிட்டேன். அனுமதி வருவதற்குள் விதி மாறிவிட்டது. எனக்கு எது பொருந்தும்?

பொதுவாக, அனுமதி வழங்கப்படும் நாளில் எந்த விதி இருக்கிறதோ அதுதான். விண்ணப்பம் போட்ட நாளின் விதி எனக்கு உரிமையாகிவிட்டது என்று வாதாட முடியாது. ஹவுரா மாநகராட்சிக்கும் கேஞ்சஸ் ரோப் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. பழைய விண்ணப்பங்களுக்கு விலக்கு உண்டா என்பது திருத்தத்திலேயே எழுதியிருக்கும், இல்லாவிட்டால் இல்லை.

அனுமதி கைக்கு வந்த பிறகு விதி மாறினால் கவலை வேண்டாம், அனுமதிப்படி கட்டலாம். அனுமதிக் காலம் தீர்ந்துவிட்டாலோ, பாதியில் பிளானை மாற்றினாலோ புதிய விதிக்குள் வந்துவிடுவீர்கள். மாடியில் "ஒரே ஒரு ரூம்தான்" என்று கூடுதலாக எழுப்புகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய வீடு பழைய விதியில் பத்திரமாக இருக்கும். அந்த அறை மட்டும் இன்றைய விதியில் அளக்கப்படும்.

2019 விதிகளால் இரண்டு மடங்கு கட்டலாம் என்கிறார்களே?

தளப்பரப்புக் குறியீட்டைச் சொல்கிறீர்கள். எல்லோரும் எஃப்.எஸ்.ஐ. என்பது அதைத்தான். மனையின் பரப்பை அந்த எண்ணால் பெருக்கினால் மொத்தத் தளங்களிலும் சேர்த்து எவ்வளவு கட்டலாம் என்று வரும். சாதாரணக் கட்டடங்களுக்கு சென்னையில் முன்பு 1.5 ஆக இருந்தது. 2019-இல் மாநிலம் முழுவதற்கும் 2 ஆனது. 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடங்களுக்கு 3.25. சாலை அகலமாக இருந்தால் பணம் கட்டி, அதிகபட்சம் 50 சதவீதம் வரை கூடுதலாக வாங்கலாம்.

ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். 40 அடிக்கு 60 அடி, அதாவது 2,400 சதுர அடி. பழைய கணக்கில் 3,600 சதுர அடி கட்டலாம். புதிய கணக்கில் 4,800. தாளில் 1,200 சதுர அடி கூடியிருக்கிறது. இப்போது மனையின் நான்கு பக்கமும் விட வேண்டிய இடத்தைக் கோடு போட்டுக் கழியுங்கள். காருக்கு இடம் விடுங்கள், படிக்கட்டை வையுங்கள். உயர வரம்பையும் பாருங்கள். பல மனைகளில் 4,800-ஐத் தொடவே முடியாது. "எஃப்.எஸ்.ஐ. ரெண்டு" என்று சொல்லி மனை விலையை ஏற்றுகிறவரிடம், இந்த மனையில் உண்மையில் எவ்வளவு நிற்கும் என்று ஒரு கோட்டுப் படம் கேளுங்கள்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டினால் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கலாம். நம் 2,400 சதுர அடி மனை இதில் வரும். 4,800 சதுர அடி கட்டும் ஆசை இதற்குள் அடங்காது. அதற்கு வழக்கமான பாதைதான். இன்னொன்றும் இருக்கிறது. சுயசான்று என்றால் பொறுப்பு உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. யாரும் முன்கூட்டி வந்து பார்க்கவில்லை என்பது தவறு செய்யக் கிடைத்த அனுமதி ஆகாது.

அங்கீகாரம் இல்லாத மனை வைத்திருக்கிறேன். 2016-இல் என்ன நடந்தது?

இதை நின்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களை இந்த அளவுக்கு உலுக்கிய மாற்றம் என் அனுபவத்தில் வேறு இல்லை.

வயலை வாங்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, மனை எண் எழுதிய கல்லை நட்டு விற்றுவிடுவது பல காலமாக நடந்தது. பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை ஒன்று இருக்கும். அதை "பஞ்சாயத்து அப்ரூவல்" என்பார்கள். லேஅவுட்டுக்கு அப்படி ஓர் அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகியது. பதிவானதால் எல்லாம் சரி என்று மக்கள் நம்பினார்கள்.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், இத்தகைய மனைகளின் பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மறுவிற்பனையைப் பதிவு செய்யலாம் என்ற விலக்கு அந்தப் பிரிவில் உண்டு. 2017 மே மாதம், அங்கீகாரமில்லா மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் அந்த லேஅவுட்டில் ஒரு பகுதி மனைகளாவது பத்திரம் மூலம் விற்கப்பட்டிருந்தால் லேஅவுட்டையும் மனையையும் வரன்முறை செய்யலாம் என்பது அதன் சாரம்.

ஓர் அண்ணன் 2014-இல் வாங்கிய மனையை மகள் கல்யாணத்துக்காக விற்க 2016 அக்டோபர் கடைசியில் தேதி குறித்திருந்தார். வாங்குகிறவர் பின்வாங்கிவிட்டார். அண்ணன் என் முன்னால் பத்திரத்தை விரித்துவைத்து, "ஸ்டாம்ப் இருக்கு, சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு. என்ன இல்லேங்கறீங்க?" என்று கேட்டார். பத்திரத்தில் மனை எண் 14 என்று இருந்தது. எந்த அனுமதி எண்ணின் 14 என்பது எங்கேயும் இல்லை. அவர் ஏமாற்றவில்லை, சட்டத்தை மீறவேண்டும் என்று நினைக்கவும் இல்லை. கோடு போட்டவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். கோட்டுக்குள் நின்றவர் மாட்டிக்கொண்டார்.

உங்கள் மனை இப்படிப்பட்டதானால் மூன்று தேதிகளை எடுத்து வையுங்கள்: லேஅவுட்டில் முதல் மனை விற்ற தேதி, உங்கள் பத்திரத்தின் தேதி, உங்களுக்கு விற்றவர் வாங்கிய தேதி. வில்லங்கச் சான்றிதழில் மூன்றும் கிடைக்கும். இந்த மூன்றும் இல்லாமல் யாராலும் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

வரன்முறை செய்த மனையும் அப்ரூவ்டு மனையும் ஒன்றா?

கட்டுவதற்கும் பதிவதற்கும் இரண்டும் உதவும். வாழ்வதற்கு ஒன்றல்ல. முறையான லேஅவுட்டில் சாலை, பூங்கா எல்லாம் முதலிலேயே விடப்பட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதப்பட்டிருக்கும். வரன்முறையான இடத்தில் கட்டணம் வசூலாகியிருக்கும். குறுகிய தெரு குறுகியதாகவே இருக்கும். ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத தெருவைக் கட்டணம் அகலமாக்காது. நீர்நிலை, பொதுச் சாலை, பூங்காவுக்கு விட்ட இடம் ஆகியவற்றில் விழும் மனைகளை வரன்முறை செய்யவே முடியாது.

கட்டடங்களுக்கும் இதே கதை ஒன்று உண்டு. 1998-இல் "ஒரே முறை" என்று சொல்லி விதிமீறல் கட்டடங்களை முறைப்படுத்த 1971 சட்டத்தில் 113-ஏ பிரிவு வந்தது. கடைசித் தேதி பிறகு மீண்டும் மீண்டும் நகர்ந்தது. 2006-இல் உயர் நீதிமன்றம் முதல் முறையை ஏற்று, அடுத்தடுத்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. பிறகு 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்காக 113-சி என்று ஒன்று சேர்க்கப்பட்டது. என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஒவ்வொரு நீட்டிப்பும், விதிப்படி இடம் விட்டுக் கட்டியவரை ஏமாளியாக்குகிறது. அப்பாவியாக வாங்கியவருக்கு வழி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தெரிந்தே ஐந்தாவது மாடி எழுப்பியவருக்கும் அதே வழி என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

விவசாய மண்டலத்தில் இருக்கும் நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருப்பது வேறு, மாஸ்டர் பிளான் வரைபடத்தில் எந்த மண்டலத்தின் நிறம் என்பது வேறு. திட்டப் பகுதிக்குள் இருந்தால் 1971 சட்டத்தின் 32-ஆவது பிரிவின் கீழ் நில உபயோக மாற்றம் கேட்க வேண்டும். பத்திரிகையில் அறிவிப்பு வரும், ஆட்சேபணை கேட்பார்கள், பிறகு ஆணை. திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால் 47-ஏ பிரிவின்படி நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு வேண்டும்.

"மாத்திக்கலாம் சார், ஆறு மாசத்துல ஆகிடும்" என்று சொல்லி விற்கிறவர் மாற்றிய பிறகு விற்கட்டும். அப்போது விலை கூடும் என்பார். அந்த வித்தியாசம்தான் நீங்கள் ஏற்கவிருந்த அபாயத்தின் விலை.

எங்கள் கிராமம் சி.எம்.டி.ஏ.வுக்குள் வந்துவிட்டதாம். உடனே என்ன மாறும்?

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. எல்லைக்குள் வந்த மறுநாளே நிலத்தின் நிறம் மாறிவிடாது. இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரிலிருந்து 2026-ஐக் குறிவைத்து நடக்கிறது. அது பழைய எல்லைக்கு எழுதப்பட்டது. 2046 வரைக்குமான மூன்றாவது திட்டத்தில்தான் புதிய ஊர்களுக்கு முழுதாக நிறம் விழும். ஆகவே இப்போது வரைவு வரும்போது பார்ப்பதுதான் முக்கியம்.

என் மனையில் சாலை விரிவாக்கம் என்று போட்டிருக்கிறார்கள். பல வருடமாக யாரும் வரவில்லை.

1971 சட்டத்தின் 38-ஆவது பிரிவைப் படியுங்கள். திட்டத்துக்காக ஒதுக்கிய நிலத்தை, அறிவிப்பு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் எடுப்பதற்கான அறிவிக்கையோ ஒப்பந்தமோ வராவிட்டால், ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருத வேண்டும் என்கிறது. ஆனால் தானாக வரைபடத்தில் அழியாது. மனு கொடுக்க வேண்டும், பல நேரம் நீதிமன்றம் போக வேண்டும். தேதிகளைக் காட்டும் ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

லேஅவுட்டில் பூங்கா என்று காட்டிய இடத்தில் இப்போது கட்டடம் வருகிறது. கேட்க முடியுமா?

கேட்க வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில், சாலை நீங்கலாக 10 சதவீதம் திறந்தவெளிக்கு விட வேண்டும். இதுதான் ஓ.எஸ்.ஆர். நிலம். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்ட வழி உண்டு. அதற்கு மேல் நிலமாகவே தர வேண்டும். தானமாக எழுதிக் கொடுத்த பிறகு அது உள்ளாட்சியுடையது, லேஅவுட் போட்டவருடையது அல்ல.

போன மாதம் ஒரு குடியிருப்பில் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். வரைபடத்தில் பச்சை வண்ணம். நேரில் துருப்பிடித்த கம்பி வேலி, உள்ளே கட்டட இடிபாடு, ஒரு மூலையில் ஆழ்துளைக் கிணற்றின் மூடி. குழந்தைகள் வெளியே சாலையில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தானப் பத்திரத்தின் நகலைக் கேட்டு குடியிருப்போர் சங்கம் தகவல் உரிமை மனு போட்டிருக்கிறது. முதல் படி எப்போதும் அதுதான். ஒரு பத்திரம் பேசும்போது பத்துப் பேர் கோபமாகப் பேச வேண்டியதில்லை. அதன் பின்னும் வேலை நடந்தால், 1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகளைச் சொல்லி எழுத்தில் புகார் கொடுங்கள். அனுமதியற்ற கட்டுமானத்தை நிறுத்தவும் அகற்றவும் அந்தப் பிரிவுகள் அதிகாரம் தருகின்றன.

முப்பது வருட அபார்ட்மென்ட். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் இடித்துக் கட்ட முடியுமா?

இனி அப்படி இல்லை. 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2024 மார்ச் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். மீதி மூன்றில் ஒரு பங்கில் பெரும்பாலும் வயதானவர்கள் இருப்பார்கள். வாடகை வீட்டுக்குப் போய் மூன்று வருடம் காத்திருக்கும் பயம் அவர்களுக்கு நியாயமானது. வாடகை, காலக்கெடு, தாமதத்துக்கு இழப்பீடு மூன்றையும் அவர்கள் கையெழுத்துக் கேட்பதற்கு முன்பே எழுத்தில் வையுங்கள்.

மாநில விதி அனுமதித்தால் ஏரிக்கரையிலும் கட்டலாமா?

கூடாது. மாநில விதிக்கு மேலே மத்திய அரசின் சட்டங்கள் இருக்கின்றன: கடலோர ஒழுங்குமுறை, 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும், திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர நீர்ச்செறிவுப் பகுதிக்கும் மாஸ்டர் பிளானிலேயே தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. மண்டல நிறத்தை மட்டும் பார்த்து அனுமதி கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

எதிர்த் திசையிலும் சட்டம் நகர்கிறது. 2023-இன் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்துக்குள் நீர்நிலை வந்தால் அதையும் சேர்த்துத் திட்டமிட வழி செய்கிறது. நீரின் கொள்ளளவும் ஓட்டமும் குறையக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. ஒரு ஏரியின் கொள்ளளவை எண்ணில் காப்பாற்றலாம். அதற்கு வரும் ஓடை, மழைக்கு ஒதுங்கும் தாழ்வு இதெல்லாம் எண்ணுக்குள் அடங்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது.

வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபணை சொன்னால் யாராவது படிக்கிறார்களா?

மாஸ்டர் பிளான் வரைவுக்கும் நில உபயோக மாற்றத்துக்கும் ஆட்சேபணை கேட்பது சட்டப்படி கட்டாயம். வந்த ஆட்சேபணை கோப்பில் சேர்ந்தே ஆக வேண்டும். பின்னால் யாராவது நீதிமன்றம் போனால் அந்தக் கோப்புதான் முதலில் கேட்கப்படும்.

பொதுவாக "வளர்ச்சி வேண்டும், அழிவு வேண்டாம்" என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லவும் ஒன்றும் இருக்காது. கிராமத்தின் பெயர், சர்வே எண், அறிவிப்பின் தேதி, அங்கே இப்போது என்ன இருக்கிறது, மழை நாளில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது, சாலை எத்தனை அடி என்று டேப் பிடித்து அளந்த அளவு: இவ்வளவும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கைபேசியில் எடுத்த இரண்டு படம் சேருங்கள். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பி, அந்த அட்டையைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.